பூட்டு வீட்டுச் சாலை

எங்கள் சாலையில் பதினோரு வீடுகள் இருந்தன. அவற்றில் பத்து வீடுகளில் வருஷத்துக்குப் பத்து மாதம் பூட்டு தொங்கும். பதினோராவது என்னுடையது. சாலையின் கடைசியில், வேகவதி ஆற்றுக்குப் போகிற வண்டித்தடம் தொடங்கும் இடத்தில், ஓடு வேய்ந்த சின்ன வீடு. பூட்டுகளை எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போவேன், எண்ணிக்கொண்டே திரும்புவேன். வாசல் பூட்டு, கேட்டுப் பூட்டு, கொல்லைக் கதவுப் பூட்டு எல்லாம் சேர்த்து இருபத்தேழு. ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. யாரும் என்னைக் காவலுக்கு வைக்கவில்லை. என் சுபாவம் அப்படி.

நகரசபை அந்தச் சாலைக்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தது. தபால்காரர்கூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் எல்லோருக்கும் அது பூட்டு வீட்டுச் சாலைதான்.

அந்த வீடுகள் வந்த விதம் இது. பட்டணத்தில் வக்கீலாகவும் ஹைகோர்ட்டு உத்தியோகஸ்தர்களாகவும் இருந்தவர்களில் பலருக்குப் பூர்வீகம் எங்கள் ஊர். வைகாசித் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் வருவார்கள். முதலில் சன்னதித் தெருக்களில் உறவுக்காரர் வீட்டில்தான் தங்கினார்கள். ஒரு வண்டியில் ஆட்களும் இரண்டு வண்டியில் படுக்கைகளுமாக வந்து இறங்கினால் வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் படுக்க வேண்டியதுதான். இரண்டு மூன்று வருஷம் இப்படி நடந்தால் எந்த உறவும் கசந்துபோகும். அதனால் ஊருக்கு வெளியே இருந்த பழைய புளியந்தோப்பைத் துண்டு துண்டாக வாங்கினார்கள். நான் காலேஜில் வாசித்தபோது முதல் வீடு எழும்பியது. வாத்தியார் உத்தியோகத்தில் சேர்ந்தபோது ஆறு. பிறகு பத்து. கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விட்டதும் வருவார்கள், திருவிழா முடிந்து பெருமாள் தீர்த்தவாரி கண்டருளியதும் போய்விடுவார்கள். வந்த அன்று ஒவ்வொரு வீட்டிலும் புதுக் குடித்தனம் போலப் பால் காய்ச்சுவார்கள். வருஷா வருஷம் பால் காய்ச்சுகிற வீட்டை வீடு என்று சொல்லலாமா என்று என் மனைவி கேட்பாள்.

அவர்களால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். கப்பி போட்ட சாலை அவர்களால் வந்தது. இரண்டு பக்கமும் புங்க மரம் வைத்தார்கள், நாற்பத்தொன்று, அதில் மூன்று பட்டுப்போயின. நகரசபை நான்கு விளக்குக் கம்பங்கள் நட்டது. ஆனால் எண்ணெய் ஊற்றி ஏற்றுகிறவன் வைகாசியோடு வருவதை நிறுத்திவிடுவான். "யாருக்குங்க வெளிச்சம்?" என்று கேட்டான். நான் இருக்கிறேன் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

நான் ஏன் அங்கே போய்க் குடியிருந்தேன் என்று கேட்கலாம். எங்கள் கூட்டுக் குடும்பத்தில் இருபத்து மூன்று பேர். பாகம் பிரித்தபோது என் பங்குக்கு ஜன்னல் இல்லாத ஓர் அறை வந்தது. அதை அண்ணாவுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, கிடைத்ததைக் கொண்டு புளியந்தோப்பில் மிச்சமிருந்த மூலையை வாங்கினேன். இது வெளியே சொல்லுகிற காரணம். உள்ளே இருந்த காரணம் வேறு. அந்த வீட்டில் என் மனைவிக்கு இரண்டு கர்ப்பம் கலைந்தது. மன்னி ஒரு தடவை, யாரிடமோ பேசுகிறவள் போல, "சில பேருக்குத் தங்கறதில்லே" என்றாள். மன்னி கெட்டவள் அல்ல. அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் என் மனைவி அதன் பிறகு அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த ஒரு சித்திரைக் கடைசியில் அவளுக்கு மூன்றாவது தடவை தலை சுற்றல் ஆரம்பித்தது. அவளுக்குத் தாயார் இல்லை, அதனால் பிறந்தகத்துக்குப் போக வழியில்லை. மன்னி ஜட்கா வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாலையின் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள் போலிருக்கிறது.

"இங்கே வலி எடுத்தா யாரைக் கூப்பிடுவே? பூட்டையா?" என்றாள்.

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் குழந்தையை நான் என் வீட்டிலேயே பெத்துக்கறேன், மன்னி."

"பெத்துக்கோ. வேண்டாங்கலே. ஒன்பதாம் மாசம் பிறக்கறதுக்குள்ளே, கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு பொம்மனாட்டி இருக்கான்னு எனக்குக் காட்டு. இல்லேன்னா அங்கே வந்துடணும். சம்மதமா?"

சம்மதம் என்று தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அன்று முதல் எனக்குப் பூட்டுகளை எண்ணுவது பொழுதுபோக்காக இல்லை.

பக்கத்தில் ஆள் இல்லாததால் வருகிற கஷ்டம் பாலில்தான் முதலில் தெரியும். அந்தக் காலத்தில் பால்காரன் மாட்டையும் கன்றையும் வாசலுக்கே ஓட்டிவந்து, நம் கண்ணுக்கு முன்னால் கறந்து கொடுப்பான். எங்கள் சாலைக்கு அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். "ஒரு வூட்டுக்காக மாட்டையும் கன்னையும் இம்மாந்தூரம் ஓட்டிக்கினு வர முடியாது சாமி. வருசம் பூரா இருக்கிற இன்னொரு வூடு சேர்த்துச் சொல்லு, நாளைக்கே வர்றேன்." ஆகவே காலையில் செம்பை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போவது என் வேலை. போய்வரும் நேரம் முழுதும் அவள் தனியாக இருக்கிறாளே என்று கவலைப்படுவதும் என் வேலை.

தனியாக என்று சொன்னது முழுக்கச் சரியில்லை. வீடுகள் பூட்டிக் கிடந்த பத்து மாதமும் எங்கள் சாலை நெசவாளர்களுடையது. தறியில் ஏற்றப்போகிற பட்டு இழைகளை, பாவு என்பார்கள், நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுக்க வேண்டும். அதற்கு வண்டி வராத, நிழலுள்ள, நீண்ட தெரு வேண்டும். ஊருக்குள் அப்படிப்பட்ட தெரு குறைந்துகொண்டு வந்தது. எங்கள் சாலையைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? வாரத்தில் மூன்று நாலு நாள் விடியும்போதே வந்துவிடுவார்கள். வீட்டில் தெலுங்கும் எங்களிடம் தமிழும் பேசுகிற குடும்பங்கள். அவர்களில் ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், வாய் நீளம், குரல் அதைவிடப் பெரிது. பாவின் ஒரு முனையில் நின்று மறுமுனையில் இருக்கும் தன் புருஷனை அதட்டுவாள். அவன் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

அவர்களுக்கும் என் மனைவிக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்தது அல்ல. பாவு போட்டிருக்கும் நாளில் அவள் வாசல் தெளிக்கமாட்டாள். சாணித் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் பட்டு போச்சு. வாளியைப் படியோரம் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். பாவைச் சுருட்டித் தோளில் வைத்தார்களோ இல்லையோ, தெளித்துக் கோலம் போட்டுவிடுவாள். "சுருட்டியாச்சும்மா, தெளிச்சுக்கோ!" என்று நெசவுக்காரி குரல் கொடுத்துவிட்டுப் போவாள். காஞ்சிபுரத்தில் பாவு போடுகிற எந்தத் தெருவிலும் இதுதான் வழக்கம். விவரம் தெரிந்த நாள் முதல் பார்க்கிற விஷயம் என்பதால் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கோடையில் பட்டணத்தார் வந்ததும் நெசவாளர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டியும் மோட்டாருமாக இருக்கும் சாலையில் என்ன செய்ய முடியும்? பட்டணத்தார் போன மறுநாள் இவர்கள் வருவார்கள். ஒரே சாலையில் இரண்டு ஊர் இருந்தது போல. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை.

அந்த வருஷம் பத்தாவது வீட்டுக்காரர், அதாவது எனக்கு அடுத்த வீட்டு வக்கீல், மோட்டாரில் வந்தார். அவருக்கு இளைப்பு வியாதி. பட்டணத்துக் கடல்காற்றில் மூச்சு இழுக்கிறது, இங்கே வந்தால் விடுகிறது. அவருடைய சம்சாரம், நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், பெரிய சரீரம், பெரிய மனசு, காலை எழுந்ததும் வாய் ஓயாத நாம ஸ்மரணை. மதில் மேலாக எட்டி என் மனைவியைப் பார்த்த மாத்திரத்தில், "ஏண்டி பொண்ணே, முழுகாம இருக்கியா?" என்று கேட்டுவிட்டாள்.

மன்னி போட்ட நிபந்தனையை என் மனைவி சொன்னாள். மாமி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"நான் இருக்கேன்டி. இவருக்கு இங்கேதான் மூச்சு விடறது. தை மாசம் வரைக்கும் இருந்துட்டுப் போறோம். உன் மன்னியை வரச்சொல்லு, நானே சொல்றேன்."

அன்று இரவு என் மனைவி இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டாள். எனக்கோ அந்த சந்தோஷத்தில் பாதிதான் வந்தது. வக்கீலின் மூச்சை மதிலோரம் நின்று கவனிக்க ஆரம்பித்தேன். அது நன்றாக இருந்தால் போய்விடுவாரோ என்று பயம். மோசமாக இருந்தால் டாக்டர் பட்டணத்துக்கு வரச் சொல்லிவிடுவாரோ என்று பயம். நடுத்தரமாக இளைக்க வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன்.

திருவிழா முடிந்தது. ஒன்பது வீடுகள் பூட்டின. பத்தாவது வீடு திறந்தே இருந்தது. முதல் தடவையாக அந்தச் சாலையில் திருவிழாவுக்குப் பிறகு இன்னொரு வீட்டுச் சமையல் வாசனை வந்தது.

இரண்டு நாள் கழித்து நெசவாளர்கள் வந்தார்கள். மாங்காய் பழுத்த நிறத்தில் மஞ்சள் பாவு. நாலு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நான் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிக் கேட்டருகே நின்றிருந்தேன். விடிந்தும் விடியாத அந்த வெளிச்சத்தில் பாவு இருப்பதே தெரியவில்லை, அதில் தடவின கஞ்சியின் ஈரம்தான் லேசாக மினுங்கியது.

அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. மாமி வாளியோடு வந்தாள். குனிந்த தலை, வாயில் நாமம். இருபது வருஷமாக இந்த ஊருக்கு வருகிறவள்தான். ஆனால் அவள் வந்த நாட்களில் இந்தச் சாலையில் ஒரு நாளும் பாவு போட்டதில்லை. சாணித் தண்ணீரை அள்ளி, பழக்கப்பட்ட கை, அகலமாக வீசித் தெளித்தாள்.

நெசவுக்காரி முதலில் தெலுங்கில் அலறினாள். பிறகு, "ஐயோ ஐயோ! கையை நிறுத்தும்மா! நிறுத்து!" என்று ஓடிவந்தாள். அந்த அலறலில் மாமி பயந்து வாளியையே போட்டுவிட்டாள். வாளி உருண்டு, மிச்சமிருந்ததும் பாவின் மேல் போயிற்று.

மஞ்சள் பட்டில் பச்சைத் திட்டு. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பேசாத அந்தப் புருஷன் மட்டும் கிட்டே போய், மண்டியிட்டு, வேட்டியின் நுனியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தான். போகவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல பாவு போட்ட தெருவுல யாரும் தண்ணி தெளிச்சதில்ல" என்றாள் நெசவுக்காரி. "பட்டணத்துல பாவெல்லாம் ஆகாசத்துலயா போடுறாங்க?"

இதற்குள் வக்கீல் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். அதுதான் அவருக்குக் கோபம் வரக் காரணம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் நியாயமான மனுஷர்.

"ரோட்டை அடைச்சு நூல் கட்ட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? இது பொது ரோடு."

"பொது ரோடுன்னா வருஷம் பூராவும் பொதுவா? இல்ல, நீ வர்றப்ப மட்டுமா சாமி?"

"கோர்ட்டுல போய் இப்படிக் கேளு."

"கோர்ட்டுல எதுக்குக் கேக்கணும்? கோர்ட்டுதான் இங்க வந்து மாடி கட்டிக்கினு ஒக்காந்திருக்குதே."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வக்கீல் என் பக்கம் திரும்பி, "ஓய் வாத்தியாரே, நிரந்தரமா இருக்கிறவர் நீர்தான், நீர் சொல்லும்" என்றார். நான் கையிலிருந்த செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கத்தில் எந்தப் பக்கம் போனாலும் என் வீட்டுக்காரிக்குக் கூப்பிட்டால் வர ஓர் ஆள் குறையும்.

அப்போது மாமி தலையைத் தூக்கி எங்கள் வாசலைப் பார்த்தாள். அங்கே என் மனைவி நின்றிருந்தாள். அவள் காலடியில் வாளி நிறையத் தண்ணீர். வாசல் காய்ந்திருந்தது. மாமி அந்தக் காய்ந்த வாசலையும் தன் ஈர வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விடுவிடென்று உள்ளே போய்விட்டாள்.

பாவை மறுபடி சாயத்தில் போட்டு, திட்டு தெரியாமல் அரக்கு நிறமாக்கினார்களாம். ஆவணிக் கல்யாணத்துக்கென்று சொல்லிவைத்த மஞ்சள் புடவை வேறு நூலில் பின்னால் போயிற்று. அவர்கள் எங்கள் சாலைக்கு வரவில்லை. ஆற்றங்கரையில் ஏதோ தோப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலைகளில் சாலையில் அணில் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை.

வக்கீல் வீட்டிலும் நிலைமை சரியில்லை. மாமி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். "யாரோ ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டுடி அது" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனி போய் ஆடி வந்தது. கோர்ட்டு திறந்தாகிவிட்டது, ஒரு பெரிய கேஸ், கட்சிக்காரர் தந்தி மேல் தந்தி அடிக்கிறார் என்றார் வக்கீல். மூச்சும் அப்போது நன்றாகவே விட்டது. நான் பயந்தபடியே ஆயிற்று. கிளம்பத் தேதி வைத்தார்கள்.

அன்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "மார்கழிக்கு இன்னும் நாள் இருக்கே" என்றேன்.

"போறதுன்னு ஆனப்புறம் எப்போ மடிச்சா என்ன?" என்றாள். அவள் அழவில்லை. மடிப்பு நன்றாகப் படியும்படி உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நடந்தது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். மாமி வந்து, "அந்த நெசவுக்காரி வீடு எங்கே இருக்கு, காட்டுடி" என்றாளாம். இரண்டு பேரும் ஜட்காவில் போனார்கள். ஒரு நீளமான வாடகை வீடு, அதில் நாலு குடித்தனம். இவர்களுக்கு முன்பக்கம். ஏழு பேர், இரண்டு தறி. நெய்கிறவன் காலை இறக்கி உட்காருகிற ஒரு தறிக் குழிக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இல்லை. கொதிக்கிற பானை பொங்கினால் நெய்கிறவன் மேல்தான் வழியும்.

மாமி மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அதைக் கேட்டாளா இல்லையா என்பது என் மனைவிக்கு நினைவில்லை. அடுப்பையும் குழியையும் பார்த்துக்கொண்டே நின்றவள், "என் வீட்டு மோட்டார் கொட்டகை காலியாத்தான் கிடக்கும். கல் சுவர், ஓட்டுக் கூரை. கொல்லையில தனிக் கிணறு இருக்கு. நாங்க இல்லாத மாசத்துல நீங்க வந்து இருங்களேன்" என்றாளாம்.

நெசவுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"காவலுக்கு ஆள் பாக்கிறியாம்மா? நாங்க அதுக்கு வரமாட்டோம்."

"காவலுக்கு இல்லே. இந்தப் பொண்ணுக்குத் தை மாசம் பிரசவம். பக்கத்துல ஒரு மனுஷா வேணும். நான் இருக்கேன்னு சொன்னேன், இருக்க முடியலே."

நெசவுக்காரி என் மனைவியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாளாம். வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "எத்தினியாவது?" என்றாள். என் மனைவி மூன்று விரலைக் காட்டினாள். "மொதல் ரெண்டும்?" அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். நெசவுக்காரி அதற்கு மேல் கேட்கவில்லை.

பிறகு தறிக் குழியைக் காட்டிச் சொன்னாள்: "தறி போட்டா குழி தோண்டணும்மா. தோண்டின குழியை வைகாசி வந்தா மூடு, ஆனி வந்தா தோண்டுன்னா அது ஆவாது. ஒரு தடவ போட்ட தறி அங்கியேதான் இருக்கும். உன் மோட்டாருக்கு எடம் இருக்காது. யோசிச்சுச் சொல்லு."

திருவிழா வீடுகளைப் பற்றி நான் அத்தனை வருஷம் மனசுக்குள் சொல்லத் தெரியாமல் வைத்திருந்ததை அவள் சொல்லிவிட்டாள். நடுவில் எடுத்து வைக்க முடியாத ஒன்று இருந்தால்தான் அது குடியிருப்பு.

"தோண்டிக்கோ" என்றாள் மாமி.

வாடகை என்ன என்பதை அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். வக்கீலிடம் சொன்னீர்களா என்று என் மனைவி கேட்டதற்கு, "அவருக்கு மூச்சு இழுக்கறச்சே சொன்னா இன்னும் இழுக்கும். நன்னா இருக்கறச்சே சொன்னா வாதம் பண்ணுவார். வேளை பார்த்துண்டிருக்கேன்" என்றாள் மாமி. கொட்டகைச் சாவியை என் மனைவியின் முந்தானையில் முடிந்துவிட்டு மோட்டாரில் ஏறிப் போனாள்.

ஆவணி பிறந்து நல்ல நாள் பார்த்து அவர்கள் குழி தோண்டினார்கள். பிறகு என் கவலை வேறு பக்கம் திரும்பியது. தறி ஓடும்போது எழும் சத்தத்தில் இவள் கூப்பிட்டால் அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? நான் பித்தளைத் தாம்பாளத்தை வாங்கி, கரண்டியால் தட்டிக் காட்டி, எங்கள் கிணற்றடியிலிருந்து, திண்ணையிலிருந்து, கூடத்திலிருந்து, சமையலறையிலிருந்து என்று ஒவ்வோர் இடத்திலும் சோதித்தேன். நாலு இடத்தில் மூன்று இடத்திலிருந்து கேட்டது. "வாத்தியாரே, கொழந்த பொறக்கிறதுக்கு முன்னாடி நீ எங்க தறியை நிறுத்திடுவ போலக்குது" என்றாள் நெசவுக்காரி.

ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறியது. தறி நின்றுவிட்டது. தண்ணீரில் நின்று எப்படி நெய்வது, பழைய வீட்டுக்கே போய்விடலாம் என்று அந்தப் பேசாத மனுஷன் வாயைத் திறந்து சொன்னான். அவனே பேசிவிட்டான் என்றதும் நான் வாளியைத் தேடி ஓடினேன். இரண்டு நாள் நாங்களும் சேர்ந்து இறைத்தோம். குழியின் அடியிலும் பக்கத்திலும் செங்கல் பதித்துச் சுண்ணாம்பு பூசினார்கள். செங்கல் நூற்றிருபது, என் கையால் எடுத்துக் கொடுத்தது. மார்கழி பிறக்கும் முன்னால் மன்னி வந்து பார்த்தாள். கொட்டகை வாசலில் நின்று நெசவுக்காரியையும் தறியையும் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போகும்போது என்னிடம், "ராத்திரியில் ஜட்காவுக்கு ஆள் சொல்லி வை" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

தை மாதக் கடைசியில் ஒரு காலை. பனி விலகியிருந்தது. சாலையில் பச்சைப் பாவு. நான் வழக்கம்போலச் செம்பை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனேன்; கொட்டகைக் குடித்தனம் நிலைக்கட்டும் என்று பால்காரன் இன்னும் எங்கள் சாலைக்கு வராமல் இருந்தான். பால்காரன் அன்று தாமதம் செய்தான். கன்று குடித்துக்கொண்டிருந்தது, அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் வெந்நீரில் நிற்பவன் போல நின்றேன்.

திரும்பி வரும்போது சாலை வெறுமையாக இருந்தது. பாவைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வாசல் காய்ந்திருந்தது. வாளி படியோரத்தில் அப்படியே நிறைந்திருந்தது. தறிச் சத்தம் இல்லை. செம்பில் பாதிப் பாலைச் சாலையில் கொட்டிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் அந்தப் பேசாத மனுஷன் உட்கார்ந்திருந்தான். "உள்ள போவாதீங்க. நல்லபடியா இருக்குது. மருத்துவச்சி வந்துட்டாங்க" என்றான். அவனுடைய மூத்த பிள்ளை ஜட்காவோடு போய் மருத்துவச்சியையும் மன்னியையும் கூட்டிவந்திருந்தான்.

தாம்பாளச் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். என் மனைவிக்குச் சமையலறையில் வலி எடுத்தது. நான் சோதித்ததில் சத்தம் எட்டாத அந்த நாலாவது இடம். தாம்பாளம் கூடத்தில் இருந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வெளியே நெசவுக்காரி பாவைச் சுருட்டிவிட்டு வழக்கம்போலக் குரல் கொடுத்திருக்கிறாள்: "சுருட்டியாச்சும்மா, தெளிச்சுக்கோ!" இரண்டு தடவை கூப்பிட்டாள். வாளி அசையவில்லை. சுருட்டிய பாவைப் புருஷன் கையில் திணித்துவிட்டு ஓடியிருக்கிறாள்.

உச்சிப் பொழுதுக்குள் பெண் குழந்தை பிறந்தது. அழுகை உரமாக இருந்தது. என் மனைவி தண்ணீர் கேட்டபோது நெசவுக்காரிதான் பக்கத்தில் இருந்தாள், அவள்தான் கொடுத்தாள். அவ்வளவு நாளில் இவள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாளே தவிர வாங்கிக் குடித்ததில்லை. எங்கள் வீடுகளில் அப்படித்தான் வைத்திருந்தோம். மன்னி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. குழந்தையை என் கையில் கொடுக்கும்போது சொன்னாள்: "கூப்பிட்டா வர ஒருத்தி இருக்கான்னு காட்டச் சொன்னேன். இவ கூப்பிடாமலேயே வந்திருக்கா."

வைகாசியில் வக்கீலின் மோட்டார் கொட்டகை வாசலில் நின்று நெடுநேரம் ஊதியது. பிறகு வக்கீல் இறங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். மதிலோரம் என்னைக் கண்டதும், "ஓய், என் கொட்டகையில யாரோ குழி தோண்டித் தறி போட்டிருக்கான்!" என்றார். செங்கல் பதித்தது என்றேன், நூற்றிருபது என்றேன். அவர் என்னை முறைத்தார். சம்சாரத்தின் பக்கம் திரும்பினார். மாமிக்கு அப்போதும் வேளை வந்திருக்கவில்லை போலும். அந்தக் கோடை முழுக்க மோட்டார் புங்க மரத்தடியில், மேலே கித்தான் போர்த்திக்கொண்டு, காக்கை எச்சத்தோடு நின்றது. மறு வருஷம் ஏழாம் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு தறி வந்தது. இப்போது அந்தச் சாலையில் வீடுகளை எண்ணவே எனக்குக் கால் வலிக்கிறது.

மோட்டார் வெளியே நின்ற அந்த வருஷம், திருவிழா முடிந்து இரண்டாம் நாள், விடியற்காலையில், மாமி வாளியோடு கதவைத் திறந்தாள். படியைத் தாண்டவில்லை. அங்கேயே நின்று, சாலையைக் கூர்ந்து பார்த்து, "பாவு சுருட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்மா" என்று சாலை நடுவிலிருந்து குரல் வந்தது.

மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு, மதிலருகே நின்றிருந்த என் மனைவியிடம் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். சாலை முனையில் பால்காரன், மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாவு எடுக்கிற வரையில் காத்துக்கொண்டிருந்தான்.